எதை முதலில் சொல்வது?

(திருவொற்றியூரில் நடந்த பேச்சுப் பயிற்சி முகாமில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

எண்ணூர், எர்ணாவூர், காசிமேடு, ராயபுரம் என்று பல இடங்களிலிருந்து, வேலை முடிந்த கையோடு நேராக இங்கே வந்திருக்கிற தோழர்களுக்கும் அக்கா தங்கைகளுக்கும் என் அன்பு.

பேச்சுப் பயிற்சி என்றதும் குரலை எங்கே உயர்த்துவது, கையை எப்படி அசைப்பது, மேடை நடுக்கத்தை எப்படிப் போக்குவது என்றுதான் பலரும் கேட்கிறார்கள். அதெல்லாம் பேசப் பேசத் தானாக வந்துவிடும். தானாக வராத வேலை ஒன்று உண்டு. சொல்வதற்கு ஐந்து செய்திகள் கையில் இருக்கின்றன. எதை முதலில் வைப்பது, எதை நடுவில் வைப்பது, எதில் முடிப்பது? இன்று முழுக்க இந்த ஒரு கேள்வியைத்தான் பேசப்போகிறேன்.

என் பதிலை இப்போதே சொல்லிவிடுகிறேன். பேச்சு முடிந்த பிறகு கேட்டவர் என்ன செய்ய வேண்டும் என்று முதலில் முடிவு செய்யுங்கள். வரிசை அதிலிருந்துதான் பிறக்கும். நமக்கு எது முதலில் நடந்தது, எது அதிகமாக வலித்தது என்பதை வைத்து வரிசை போட்டால் பேச்சு நமக்கு ஆறுதல் தரும். கேட்பவரிடம் போய்ச் சேராது. துறைமுகத்தில் வேலை பார்க்கிறவர்களுக்கு இது புதிதல்ல. கப்பலில் பெட்டி அடுக்கும்போது, எந்தப் பெட்டி எந்தத் துறைமுகத்தில் இறங்க வேண்டும் என்று பார்த்துத்தான் எது அடியில், எது மேலே என்று திட்டம் போடுகிறார்கள். முதலில் வந்து சேர்ந்த பெட்டி என்பதற்காக அதை முதலில் ஏற்றிவிடுவதில்லை.

நம் மரபும் நம் மேடையும்

சொல்வதை அடுக்கும் கலையைத் தமிழ் நெடுங்காலமாக நினைத்துப் பார்த்திருக்கிறது. 13-ஆம் நூற்றாண்டில் நன்னூல் எழுதிய பவணந்தி முனிவர், ஒரு நூலுக்கு இருக்க வேண்டிய பத்து அழகுகளில் ஒன்றாக ‘முறையின் வைப்பு’ என்பதைச் சேர்த்தார். தவிர்க்க வேண்டிய பத்துக் குற்றங்களையும் சொன்னார். எடுத்ததை விட்டுவிட்டு வேறொன்றை விரித்துக்கொண்டே போவது அதில் ஒன்று. வலுவாகத் தொடங்கிப் போகப்போகத் தேய்ந்து முடிவது இன்னொன்று. நூலுக்காகச் சொன்னவைதான். ஆனால் மைக் முன்னால் நாம் செய்கிற தவறுகளில் பாதி இந்த இரண்டுக்குள் அடங்கிவிடும். வள்ளுவரோ சொல்வன்மைக்கு ஓர் அதிகாரம் வைத்ததோடு நிற்கவில்லை. அவையறிதலுக்குத் தனியாக ஓர் அதிகாரம், அவை அஞ்சாமைக்கு இன்னொன்று என்று வைத்தார். யார் கேட்கிறார்கள் என்று அறிவது பேச்சுத் திறனில் தனிப் பாடம் என்பது அவர் கணக்கு.

இந்த வடசென்னை மண்ணுக்கும் மேடைப் பேச்சில் பெரிய பங்கு உண்டு. 1918 ஏப்ரல் 27-இல் பெரம்பூரில் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. அதற்காகப் பின்னி ஆலைத் தொழிலாளர்களிடம் பேசிய பி.பி. வாடியாவுக்குத் தமிழ் தெரியாது. அவர் ஆங்கிலத்தில் பேச, அது தமிழில் எடுத்துச் சொல்லப்பட்டது. பக்கத்தில் திரு.வி.க. இருந்தார். இப்படி விட்டுவிட்டு நடக்கும் பேச்சில் சுற்றி வளைக்க இடமே இல்லை. ஒரு செய்தி, ஒரு காரணம், ஒரு கோரிக்கை என்று துண்டு துண்டாக நிற்க வேண்டும். மதியச் சாப்பாட்டுக்கு அரைமணி நேரம்தான் கிடைக்கிறது என்பது அன்றைய முக்கியமான குறைகளில் ஒன்று. யாரும் தப்பாகப் புரிந்துகொள்ள முடியாத குறை அது. சங்கம் அப்படிப்பட்ட குறைகளின் மேல்தான் கட்டப்பட்டது.

1923 மே முதல் நாள் சிங்காரவேலர் இதே நகரத்துக் கடற்கரையில் இரண்டு இடங்களில், உயர் நீதிமன்றத்துக்கு எதிரிலும் திருவல்லிக்கேணியிலும், மே தினக் கூட்டம் நடத்தினார். 1949 செப்டம்பர் 18 அன்று ராயபுரம் ராபின்சன் பூங்காவில், கொட்டும் மழையில், அண்ணா ஒரு புதிய கட்சியின் முதல் பொதுக்கூட்டத்தில் பேசினார். அன்றைக்கு அவர் முன்னால் இருந்த வேலை கடினமானது. கேட்க வந்தவர்கள் பெரியாரை மதிப்பவர்கள். அவர்களிடம் பெரியாரைப் பிரிந்த காரணத்தைச் சொல்ல வேண்டும். தலைவர் நாற்காலியைப் பெரியாருக்கென்றே காலியாக விட்டார்கள். கசப்பைக் கேட்டுவிட்டுக் கலைந்துபோகும் கூட்டமாக அல்லாமல், புதிய கட்சியில் சேரும் கூட்டமாக அது மாற வேண்டியிருந்தது. அந்தக் கட்சியை ஏற்பவர்களும் ஏற்காதவர்களும் இந்தப் பாடத்தை எடுத்துக்கொள்ளலாம்: கேட்பவர் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பதுதான் எதைச் சொல்வது, எதை விடுவது என்பதைத் தீர்மானிக்கிறது.

ஒரே எண்ணூர், ஐந்து வரிசை

செய்திகளை அடுக்கப் பொதுவாக ஐந்து வழிகள் உண்டு. நமக்குத் தெரிந்த எண்ணூரை வைத்தே பார்ப்போம்.

முதலாவது, காலவரிசை. 1970-இல் எண்ணூர் அனல்மின் நிலையம் வந்தது. பிறகு வடசென்னை அனல்மின் நிலையம். 2001-இல் எண்ணூர்த் துறைமுகம். 2017 ஜனவரி 28-இல் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது, வாளியால் அள்ளினார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலியிலிருந்து எண்ணெய் வந்து கொசஸ்தலை ஆற்றை மூடியது. அதே மாதம் 26-ஆம் தேதி நள்ளிரவில் பெரியகுப்பம் அருகே கடலுக்கடியில் போகும் குழாயிலிருந்து அமோனியா கசிந்து, ஊரே எழுந்து ஓடியது. ஊருக்குப் புதியவருக்கு, ஒரு பத்திரிகையாளருக்கோ மாணவருக்கோ, சொல்ல இதைவிட நல்ல வரிசை இல்லை. ஆனால் இதில் ஒரு ஆபத்து இருக்கிறது. 1970-இல் தொடங்கியவர் 2001-க்கு வரும்போதே மணி அடித்துவிடுவார்கள். இன்று கேட்க வேண்டியது கடைசியில் மாட்டிக்கொள்ளும்.

இரண்டாவது, இடவரிசை. வடக்கே செப்பாக்கத்தில், அனல்மின் நிலையத்துச் சாம்பல் குளத்தில் தொடங்கி, கொசஸ்தலை ஆற்றுக்கு வந்து, முகத்துவாரத்தைப் பார்த்து, பெரியகுப்பம் கரையில் முடிப்பது. ஆய்வுக்கு வரும் குழுவை நேரில் கூட்டிப்போகும்போதும், சுவரில் வரைபடம் மாட்டியிருக்கும்போதும் இதுதான் பலன் தரும். கேட்பவர் கண்ணால் நடந்து வருவார். அடுத்து எங்கே போகிறோம் என்று அவருக்கே தெரியும். வரைபடம் இல்லாத அறையில் இது ஊர்ப்பெயர்ப் பட்டியலாகத்தான் காதில் விழும்.

மூன்றாவது, காரணமும் விளைவும். சாம்பல் குழாய் உடைந்தது, சாம்பல் ஆற்றில் படிந்தது, ஆழம் குறைந்தது, எறா வளரும் சேறு மூடிப்போனது, மீன்பாடு குறைந்தது. பசுமைத் தீர்ப்பாயத்தின் முன்னால் இது மிக வலிமையான வரிசை. ஆனால் ஒவ்வொரு கண்ணிக்கும் சான்று வேண்டும். நடுவில் ஒரு கண்ணிக்குச் சான்று இல்லையென்றால், “எறா குறைந்ததற்கு வேறு காரணம் இருக்கலாம்” என்று எதிர்த்தரப்பு அந்த இடத்தில்தான் வெட்டும். முன்னும் பின்னும் நீங்கள் சொன்னது உண்மையாக இருந்தாலும் அதோடு சேர்ந்து விழும்.

நான்காவது, சிக்கலும் தீர்வும். நள்ளிரவில் வாயு கசிந்தால் எங்களுக்குத் தெரிவிக்க வழியில்லை. ஆகவே குப்பத்தில் சைரன் வை, எந்தப் பக்கம் ஓடுவது என்று பயிற்சி கொடு, ஆம்புலன்ஸ் வரும் வழியை அடைக்காதே. முடிவெடுக்கும் அதிகாரம் உள்ளவர் எதிரில் உட்கார்ந்திருந்தால் இந்த வரிசையைத் தேர்ந்தெடுங்கள்.

ஐந்தாவது, பொருள்வரிசை. தொழில், உடல்நலம், குடிநீர், பாதுகாப்பு என்று தலைப்பு வாரியாகப் பிரிப்பது. ஒன்றுக்கொன்று தொடர்ச்சி இல்லாத குறைகள் பல இருக்கும்போது இது கைகொடுக்கும். தலைப்புகள் மூன்று, மிஞ்சினால் நான்கு. அதற்கு மேல் போனால் காது பிடித்து வைக்காது. படிக்கிறவர் பக்கத்தைத் திருப்பிப் பார்த்துக்கொள்ளலாம். கேட்கிறவருக்கு அந்த வசதி இல்லை. அதனால்தான் “முதலாவது”, “இரண்டாவது” என்று எண்ணிச் சொல்லச் சொல்கிறேன்.

கருத்துக் கேட்புக் கூட்டத்தில்

இப்போது நம்மில் பலர் பேசப்போகும் இடத்துக்கு வருகிறேன். பெரிய ஆலையோ மின்நிலையமோ துறைமுக விரிவாக்கமோ வரும்போது மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடக்கிறது. 2024 டிசம்பர் 20 அன்று எண்ணூர் அனல்மின் நிலைய விரிவாக்கத்துக்காக எர்ணாவூரில் நடந்ததை இங்கே பலர் பார்த்திருப்பீர்கள். காட்டுப்பள்ளித் துறைமுக விரிவாக்கத்துக்கு 2021 ஜனவரியிலும் 2023 செப்டம்பரிலும் அறிவித்து, இரண்டு முறையும் தள்ளிவைத்தார்கள்.

இந்தக் கூட்டத்தின் விதிகள் 2006 செப்டம்பர் 14-இல் வந்த சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையில் இருக்கின்றன. மாவட்ட ஆட்சியரோ, கூடுதல் மாவட்ட ஆட்சியர் நிலைக்குக் குறையாத அதிகாரியோ தலைமை தாங்க வேண்டும். நடப்பது முழுவதும் வீடியோவில் பதிவாக வேண்டும். வந்திருக்கிற எல்லாருக்கும் பேச வாய்ப்புத் தர வேண்டும். பேசியவற்றின் சுருக்கத்தை மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் பிரதிநிதி எழுதி, கூட்டத்தின் முடிவில் அதை மக்களுக்கு அவர்கள் மொழியில் விளக்கிப் படித்துக் காட்ட வேண்டும். மக்கள் எழுப்பிய பிரச்சினைகளையும் அவற்றுக்கு நிறுவனம் தந்த பதிலையும் சேர்த்து, தமிழிலும் ஆங்கிலத்திலும் ஓர் அறிக்கை தயாரித்து இணைக்க வேண்டும். அதைப் படித்துப் பார்த்துத்தான் நிபுணர் மதிப்பீட்டுக் குழு தன் பரிந்துரையைச் சொல்கிறது.

இதன் பொருள் என்ன? அந்த மேடையில் நீங்கள் மூன்று பேரிடம் பேசுகிறீர்கள். பந்தலில் இருக்கும் உங்கள் ஊர்க்காரர் ஒருவர். மேடையில் குறிப்பெழுதும் அதிகாரி இன்னொருவர். உங்கள் முகத்தைப் பார்க்காமல் எங்கோ உட்கார்ந்து அந்தத் தாளைப் படிக்கப்போகிற நிபுணர் மூன்றாமவர். பரிந்துரை அந்த மூன்றாமவர் கையில். அவருக்குக் குரல் போகாது, கண்ணீர் போகாது. தாளில் ஏறிய வரி மட்டும்தான் போகும். ஆகவே தாளில் ஏறத் தக்க வரிசையில் பேச வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டு. காட்டுக்குப்பத்தில் எறாவும் நண்டும் விற்கிற ஓர் அக்கா பேசப்போகிறார் என்று வைத்துக்கொள்வோம். வரப்போவது ஏதோ ஒரு புதிய ஆலை. அவரிடம் ஐந்து துண்டுச் சீட்டுகள் இருக்கின்றன. மாமனார் காலத்தில் ஆற்றில் இருந்த ஆழம் இன்று இல்லை. பையனுக்கு மூச்சிரைப்பு. 2023-இல் வந்த எண்ணெயில் வலை பாழாகிவிட்டது. திட்டத்தின் சுருக்க அறிக்கையில் கடல் மீன்பிடிப்பு பற்றி இருக்கிறது, ஆற்றில் கையால் பிடிக்கிறவர்களைப் பற்றி ஒரு வரியும் இல்லை. அவர்களைக் கணக்கெடுக்காமல் அனுமதி தரக் கூடாது.

மனசு சொல்கிற வரிசையில் அவர் பேசினால் மாமனாரில் தொடங்குவார். பையனுக்கு வரும்போது குரல் உடையும். எண்ணெய்க்கு வரும்போது “சீக்கிரம் முடிங்கம்மா” என்று மேடையிலிருந்து குரல் வரும். அறிக்கையில் இருக்கும் ஓட்டையும் கோரிக்கையும் சீட்டிலேயே தங்கிவிடும். தாளில் என்ன ஏறும்? அப்பகுதியில் மீன்வளம் குறைந்துள்ளதாக ஒரு பெண் தெரிவித்தார் என்று ஏறும். விதிகளின்படி எல்லா நடவடிக்கையும் எடுக்கப்படும் என்று எதிரில் பதில் ஏறும். முடிந்தது.

இப்போது சீட்டுகளை மாற்றி அடுக்குவோம். அவர் இப்படித் தொடங்கட்டும்:

“கலெக்டர் ஐயாவுக்கு வணக்கம். நான் காட்டுக்குப்பம். ஆத்துல கையால எறா பிடிக்கிறவங்களைக் கணக்கெடுக்காம இந்தத் திட்டத்துக்கு அனுமதி கொடுக்கக் கூடாது. இது என் கோரிக்கை, இதை எழுதிக்கணும். ஏன் கேக்குறேன்னா, உங்க சுருக்க அறிக்கையில கடல்ல மீன் பிடிக்கிறவங்க இருக்காங்க, நாங்க இல்ல. எங்க மாமனார் காலத்துல இந்த ஆத்துல இருந்த ஆழம் இப்ப இல்ல. 2023-ல எண்ணெய் வந்தப்போ வலை போச்சு. எங்களைக் கணக்குலயே எடுக்கலன்னா நாளைக்கு நஷ்டம் வந்தா யார்கிட்டப் போய்க் கேக்கிறது? கணக்கெடுங்க, அப்புறம் பேசுங்க.”

ஒரு நிமிடம்கூட ஆகாது. முதலில் கோரிக்கை. அடுத்து அதற்கான காரணம், அவர்களுடைய அறிக்கையிலிருந்தே. மூன்றாவதாகத் தன் வாழ்க்கையிலிருந்து இரண்டு சான்றுகள். கடைசியில் மீண்டும் கோரிக்கை. இடையில் மைக்கைப் பிடுங்கினாலும் வேண்டியதைச் சொல்லி முடித்திருப்பார். ‘விதிகளின்படி நடவடிக்கை’ என்ற பொதுப் பதிலும் இங்கே பொருந்தாது. கணக்கெடுப்போம், அல்லது எடுக்க மாட்டோம் என்றுதான் எழுத வேண்டும்.

பையனின் மூச்சிரைப்பு எங்கே போனது? அது மிகப் பெரிய செய்தி. அதனால்தான் இந்தப் பேச்சில் நாலாவது வரியாக ஒதுக்காமல், தனியாக ஒருவரிடம் கொடுக்கிறோம். மருத்துவச் சீட்டுகளைக் கையில் வைத்துக்கொண்டு இன்னொரு அம்மா அதை மட்டுமே பேசட்டும்.

இனிச் சொல்வதை நீங்கள் நன்றாக மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். ஒரு குப்பத்திலிருந்து பத்துப் பேர் போனால், பத்துப் பேரும் சேர்ந்து பேசுவது ஒரே பேச்சு. பத்துப் பேரும் பத்துக் குறையையும் சொன்னால் தாளில் ஒரு வரிதான் ஏறும்; மற்றவர்களும் இதே கருத்தைத் தெரிவித்தனர் என்று எழுதி முடித்துவிடுவார்கள். ஆளுக்கொரு கோரிக்கையை எடுத்துக்கொண்டால் பத்து வரி ஏறும், பத்துக்கும் பதில் எழுத வேண்டியிருக்கும். யார் முதலில், யார் அடுத்து என்பதை முந்தின நாள் மாலையே உட்கார்ந்து பேசி முடிவு செய்யுங்கள். பதினோராவதாக இன்னொருவரும் போகட்டும்; அவருக்குப் பேசும் வேலை வேண்டாம். பத்துக் கோரிக்கையும் எழுதிய தாளோடு கூட்டம் முடியும்வரை அவர் உட்கார்ந்திருக்கட்டும். சுருக்கத்தைப் படித்துக் காட்டும்போது ஒவ்வொன்றாகச் சரிபார்த்து, விடுபட்டதை எழுந்து நின்று சொல்லட்டும். கூட்டம் பாதியில் கலைந்து எல்லாரும் பஸ் ஏறிவிட்டால், படித்துக் காட்டும் விதி இருந்தும் கேட்க ஆள் இருக்காது.

வேறு மேடை, வேறு வரிசை

ஆலை வாசலில் ஷிஃப்ட் மாறும் நேரத்தில் நடக்கும் வாயிற்கூட்டத்துக்கு இந்த வரிசை அப்படியே போதாது. அங்கே கூட்டம் நிலையாக நிற்காது. ஒருவர் வருவார், ஒருவர் பஞ்ச் அடிக்க ஓடுவார். ஆகவே முக்கியமான செய்தி சில நிமிடத்துக்கு ஒருமுறை திரும்ப வர வேண்டும். நூலில் குற்றமாகிற ‘கூறியது கூறல்’ வாயிற்கூட்டத்தில் தேவையாகிறது. நினைவேந்தல் கூட்டமென்றால் காலவரிசையை விட வேண்டாம். ஒரு மனிதரின் வாழ்க்கையை அவர் வாழ்ந்த வரிசையில் கேட்கத்தான் அவர் வீட்டார் வந்திருக்கிறார்கள். ஊர்க்கூட்டத்தில், கோபமாக இருக்கிற சொந்த மக்களிடம், எல்லாரும் ஒப்புக்கொள்கிற செய்தியில் தொடங்கி, வேறுபாடு உள்ள செய்திக்கு மெல்ல வர வேண்டும். முதல் வாக்கியத்திலேயே வேறுபாட்டை வைத்தால் இரண்டாவது வாக்கியத்தைக் கேட்க ஆள் இருக்காது.

கோபம் எங்கே போகும்?

இதையெல்லாம் சொல்லும்போது ஒரு கேள்வி எழும். “எங்கள் ஆறு செத்துக்கொண்டிருக்கிறது, நாங்கள் சீட்டு அடுக்கிக்கொண்டு இருக்க வேண்டுமா?” நியாயமான கேள்வி. ஒழுங்கில்லாமல் பேசினாலும், அழுதுகொண்டே பேசினாலும், அதிலிருந்து குறையை எடுத்து எழுதுவது அதிகாரிகளின் கடமை. ஏழை எளியவர் பேச்சைப் பழுது பார்த்துக்கொண்டு வந்தால்தான் கேட்போம் என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. பாரம் முழுவதையும் பாதிக்கப்பட்டவர் தலையில் ஏற்றுவது அநீதி என்பதை நான் இந்த மேடையில் அழுத்தமாகவே சொல்கிறேன்.

ஆனாலும் கோபத்தைக் குறைக்க வரிசை தேவை என்று நான் சொல்லவில்லை. அந்தக் கோபம் வீணாகக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன். 2023 டிசம்பரில் அமோனியா கசிந்த இரவுக்குப் பிறகு, அந்தக் குழாய்க்குரிய ஆலையின் வாசலில் மக்கள் உட்கார்ந்தார்கள். அந்தக் கோபத்துக்கு ஒரே கோரிக்கை இருந்தது: ஆலையை மூடு. அது எல்லார் வாயிலும் ஒரே சொல்லாக இருந்ததால்தான், செய்தி எழுத வந்தவர் எவரும் அதை மாற்றி எழுத முடியவில்லை. கோபத்துக்குக் கூர்மை தருவது அதன் முன்னால் நிற்கிற கோரிக்கைதான்.

நாளைக்கே செய்தித்தாளில் ஒரு கூட்ட அறிவிப்பு வரலாம். கூட்டத்துக்கு முன் குறைந்தது 30 நாள் அவகாசம் தர வேண்டும் என்பது விதி. அந்த நாள்களைப் பிரித்துக்கொள்ளுங்கள். முதலில் ஆட்சியர் அலுவலகத்திலோ உள்ளாட்சி அலுவலகத்திலோ வைத்திருக்கும் தமிழ்ச் சுருக்க அறிக்கையை வாங்கி, ஊரில் வாய்விட்டுப் படியுங்கள். உங்களைப் பற்றி அதில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று குறியுங்கள். பிறகு சீட்டு எழுதுங்கள்; ஒரு சீட்டில் ஒரு செய்தி. கோரிக்கை உள்ள சீட்டை மேலே கொண்டுவாருங்கள். யார் எதைப் பேசுவது என்று பிரியுங்கள். எழுத்தாகவும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு அனுப்புங்கள். அன்றைய தினம் மைக் கைக்கு வந்ததும் பெயரைச் சொல்லி, ஊரைச் சொல்லி, வேண்டியதை முதலில் சொல்லுங்கள். பேசி முடித்ததும், “எழுதிக்கொண்டீர்களா?” என்று கேட்டு, பதிலை வாங்கிக்கொண்டு இறங்குங்கள்.